யாருக்குத் திறக்கும் சட்டக் கல்லூரிக் கதவு?

கோர்ட்டு வராந்தாவில் கால் கடுக்க நின்றவனுக்குத்தான் தெரியும், சட்டம் எவ்வளவு உயரத்தில் கட்டப்பட்ட மாளிகை என்பது. பெயரைக் கூப்பிடுவார்கள், ஓடுவான். கூண்டில் ஏறுவான். கறுப்பு அங்கி அணிந்த இருவர் அவனைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் அவனுக்குப் புரியும்படி பேசமாட்டார்கள். பேசி முடிந்ததும் 'வாய்தா' என்ற ஒரே ஒரு சொல் அவன் காதில் விழும். அன்றைய கூலி போயிற்று. அடுத்த மாதம் இன்னொரு நாள் கூலியும் போகும். "என்னங்கய்யா ஆச்சு?" என்று குமாஸ்தாவைக் கேட்டால், "உனக்குச் சொன்னாப் புரியாது, போயிட்டு வா" என்பார்.

அந்த வராந்தாவில் நிற்கும்போது அவன் நெஞ்சிலே ஓர் ஆசை முளைக்கிறது. "என் மகன் அந்த அங்கியைப் போடவேண்டும்!" பணம் பண்ண அல்ல, பங்களா கட்ட அல்ல. நம்மைப் பற்றிப் பேசும் இடத்தில் நம்மவன் ஒருவன் நின்று பேசவேண்டும் என்பதற்காக.

இந்த ஆசை நம் ஊர்த் தொழிலாளிக்கு மட்டும் உரியதல்ல. கடல் கடந்து, ஆஸ்திரேலியாவில், இதே ஆசையோடு தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டு வாசலில் நின்ற மக்கள் இருக்கிறார்கள். அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள். சட்டக் கல்லூரிக்குள் அவர்கள் நுழைந்த கதையைத் தோழர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறோம். கதைக்காக அல்ல, அங்கே எழுந்த கேள்விகள் நாமும் கேட்கவேண்டிய கேள்விகள் என்பதற்காக. சட்டம் படிப்பது யார்? எந்த வழியாக உள்ளே வருவது? உள்ளே வந்தவனைப் படிப்பு முடியும்வரை தாங்கிப் பிடிப்பது யார்?

1788ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னிக் கரையில் வந்து நின்றன. 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்த நாடு அது. போரிட்டு வென்றோம் என்று வெள்ளையர் சொல்லவில்லை. உடன்படிக்கை செய்து பெற்றோம் என்றும் சொல்லவில்லை. பிறகு எப்படி அந்த நிலம் அவர்களுடையதாயிற்று? இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1889இல் ஒரு வழக்கில் விடை சொல்லிற்று: குடியேறிய காலத்தில் அந்நாடு ஏறக்குறைய ஆளில்லாத நாடு, நிலைத்த குடிகளும் நிலைத்த சட்டமும் இல்லாத நாடு என்று! ஆடு மேய்க்க நிலம் வேண்டியபோது ஆள் இல்லை. அந்த ஆட்டை மேய்க்கக் கூலி வேண்டியபோது மட்டும் ஆள் இருந்தான்! இந்தக் கண்கட்டு வித்தையைச் செய்தது துப்பாக்கி மட்டுமல்ல, தோழர்களே, எழுதுகோலும்தான்.

கூலி என்றோம். அதிலும் சட்டம் கை வைத்தது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1897இல் 'பாதுகாப்பு' என்ற பெயரால் ஒரு சட்டம் வந்தது. பூர்வகுடித் தொழிலாளி மாட்டுப் பண்ணையில் உழைப்பான். அவன் சம்பளம் அரசு நியமித்த 'காப்பாளர்' கணக்கிற்குப் போகும். தன் பணத்தில் ஒரு சட்டை வாங்கவும் அவன் காப்பாளரிடம் கைகட்டி நிற்கவேண்டும். கேட்டதற்கெல்லாம் கிடைக்காது, கணக்கும் காட்டமாட்டார்கள். பறிபோன அந்தக் கூலிக்காகத் தொடுத்த வழக்கில் 19 கோடி டாலர் தர அம்மாநில அரசு ஒப்புக்கொண்டது 2019ஆம் ஆண்டில்! உழைத்தவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டனர். அவர்களின் பிள்ளைகளையும் சட்டம் போட்டே பிரித்துக்கொண்டு போனார்கள். அதற்காக அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

நிலம் போனது சட்டத்தால். கூலி போனது சட்டத்தால். குழந்தை போனதும் சட்டத்தால். அப்படியானால் அந்த மக்கள் முதலில் கைப்பற்ற வேண்டிய கோட்டை எது?

விடையைக் கண்டவர் பேராசிரியரல்லர், பாரிஸ்டரல்லர். ஒரு தோட்டத் தொழிலாளி. எட்டி மாபோ என்பது அவர் பெயர். டோரஸ் நீரிணையில் உள்ள மெர் என்னும் சிறு தீவில் பிறந்தவர். கரும்பு வெட்டியவர், ரயில்வேயில் உழைத்தவர், தொழிற்சங்கத்தில் நின்றவர். டவுன்ஸ்வில் நகரத்தில் ஜேம்ஸ் குக் பல்கலைக் கழகத்தில் தோட்ட வேலை கிடைத்தது. செடிக்குத் தண்ணீர் விட்ட நேரம் போக, அங்குள்ள நூலகத்தில் புகுந்து, தன் தீவு மக்களைப் பற்றி வெள்ளையர் எழுதி வைத்த புத்தகங்களையே எடுத்துப் படிப்பார்! 1974ஆம் ஆண்டு. இரண்டு வரலாற்று ஆசிரியர்களுடன் பேசிக்கொண்டிருந்தார். 'மெர் தீவில் என் நிலம்' என்று பேச்சுவாக்கில் சொன்னார். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். சொல்லாமலிருக்க முடியவில்லை, சொன்னார்கள். அந்த நிலம் சட்டப்படி அவருடையதல்ல, அரசுடையது என்று.

பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வேலி தெரிந்த, எல்லை தெரிந்த, இன்னாருக்கு அடுத்து இன்னார் என்று முறை தெரிந்த நிலம்! அது உன்னுடையதல்ல என்று எங்கோ ஒரு புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்றால், அந்த மனிதரின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்?

1982 மே மாதம் வழக்குத் தொடுத்தார், தம் தீவினர் நால்வரோடு சேர்ந்து. வாய்தாவுக்கு மேல் வாய்தா. நடுவே 1985இல் குயின்ஸ்லாந்து அரசு என்ன செய்தது தெரியுமா? வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தத் தீவுகளில் எவருக்கும் எந்தப் பழைய உரிமையும் இல்லை என்று புதிதாக ஒரு சட்டமே போட்டது! ஆட்டத்தில் தோற்றுவிடுவோமோ என்று பயந்தவன் ஆடுகளத்தையே சுருட்டிக்கொண்டு ஓடுவதைப் போல. அந்தச் சட்டம் செல்லாது என்று நாட்டின் தலைமை நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்தது. நால்வர் ஒரு பக்கம், மூவர் மறு பக்கம். ஒரே ஒரு நீதிபதியின் எழுதுகோல் சற்று வேறு பக்கம் சாய்ந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். 1992 ஜூன் 3ஆம் நாள் இறுதித் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் தீவினர் பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். நிலத்தின் மீது பூர்வகுடி உரிமை என்று ஒன்று உண்டு என்றது தலைமை நீதிமன்றம். ஆளில்லாத நாடு என்ற பொய் 200 ஆண்டுகளுக்குப் பிறகு குப்பைக்குப் போயிற்று. அதைக் கேட்க எட்டி மாபோ இல்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. மாபோவுக்காக வாதாடிய வழக்கறிஞர்கள் நல்லவர்கள். பத்தாண்டுகள் பக்கத்தில் நின்றவர்கள். அவர்களுக்கு நமது வணக்கம். ஆனால் அவர்கள் அந்த மக்களில் தோன்றியவர்கள் அல்லர். தம் நிலத்தின் வரலாற்றை, தம் தீவின் நெறியை, அந்த மக்கள் வேறொருவருக்கு விளங்கவைத்து, அவர் அதை நீதிபதிக்கு விளங்கவைக்க வேண்டியிருந்தது. ஏன்? அந்த அங்கியை அணிந்த பூர்வகுடியினர் அன்று நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்தனர்.

அந்தச் சிலரும் எப்படி வந்தார்கள்? சிட்னியில் ரெட்பர்ன் என்றொரு பகுதி. பூர்வகுடித் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். இரவானால் போலீஸ் வண்டி வரும். மதுக்கடை வாசலில் நின்றவனை அள்ளிக்கொண்டு போகும். காலையில் கோர்ட்டு, பேச ஆளில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை. இதைக் கண்டு கொதித்த பூர்வகுடி இளைஞர்கள் 1970இல் ஒரு சட்ட உதவி மையத்தைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் அதுதான் முதல் பூர்வகுடிச் சட்ட உதவி மையம். அவர்களோடு கைகோத்து நின்றவர் ஹால் வூட்டன் என்ற சட்டப் பேராசிரியர். மறு ஆண்டே நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக் கழகத்தில் சட்டத் துறை வகுப்புகள் தொடங்கின. அதற்குத் தலைவரும் இதே வூட்டன்தான். தெருவில் நடந்ததைப் பார்த்த கண்ணோடு கல்லூரிக் கதவைத் திறந்தார். வழக்கமான மதிப்பெண் வரிசையில் வராத பூர்வகுடி மாணவருக்கும் அங்கே இடம் கிடைத்தது.

அந்தக் கதவின் வழியே நுழைந்தவர்தான் பாட் ஓஷேன் அம்மையார். துறைமுகத் தொழிலாளியின் மகள். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1976இல் அந்நாட்டின் முதல் பூர்வகுடிப் பெண் பாரிஸ்டர் ஆனார். பத்தாண்டுகளில் மாஜிஸ்திரேட் ஆனார். பாப் பெல்லியர் இன்னொருவர். கடற்படையில் வேலை பார்த்தவர். ரெட்பர்னில் போலீஸ் நடத்தியதைக் கண்டபின், வயது வந்த காலத்தில் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர். 1996இல் மாவட்ட நீதிபதியாக அமர்ந்தார். பூர்வகுடியினரில் முதல் நீதிபதி அவர்தான். குறுக்கு வழி என்று ஏளனம் செய்தார்களே, அந்த வழியில் வந்தவர்கள் இவர்கள்!

ஏளனம் இன்றும் ஓயவில்லை. "தகுதி என்ன ஆவது? திறமை என்ன ஆவது?" இந்தக் குரலை நமக்கு எவரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சென்னை மாகாண வகுப்புவாரி ஆணை 1951இல் உச்ச நீதிமன்றத்தில் செல்லாது என்று ஆனபோது கேட்ட குரல்தான் அது. அந்த ஆண்டிலேயே அரசியல் சட்டத்தை முதன்முறையாகத் திருத்தவைத்த போராட்டத்தை எதிர்த்த குரல்தான் அது. கடல் தாண்டினாலும் அதற்குச் சுருதி மாறவில்லை.

அங்கே உள்ள ஏற்பாட்டைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் பள்ளிப் படிப்பு முடித்த மாணவர்களை நாடு முழுவதும் வரிசைப்படுத்தி ஓர் எண் தருகிறார்கள். பெயர் பெற்ற சட்டக் கல்லூரிகள் அந்த வரிசையின் உச்சியில் உள்ளவர்களைத்தான் எடுக்கும். நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பல நூறு மைல் தள்ளி, பாலைவன ஓரத்துக் குடியிருப்பில் பிறந்த பிள்ளை அந்த எண்ணை எட்டுவது எப்படி? ஆகவே வேறு வாசல்கள் வைத்தார்கள். படிப்பு தொடங்குமுன் கோடை விடுமுறையில் மாணவர்களை அழைத்துச் சில வாரங்கள் பல்கலைக் கழகத்திலேயே தங்கவைத்துச் சட்டப் பாடம் நடத்துவது ஒன்று. உண்மையான வழக்கைக் கையில் கொடுப்பார்கள். படிக்கவேண்டும், வாதிடவேண்டும், எழுதிக் காட்டவேண்டும். அதைப் பார்த்து, நேரில் பேசிப் பார்த்து, இவரால் முடியும் என்று கண்டால் இடம். அடிப்படைப் படிப்பு ஒன்றில் முதலில் சேர்ந்து தேறி, பிறகு சட்டத்துக்கு வருவது இன்னொரு வழி. வேலை பார்த்தபின் வருவோர், வேறு பட்டம் பெற்றபின் வருவோர், அவர்களுக்கும் வழியுண்டு.

இதில் தேர்வே இல்லை என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். தேர்வு உண்டு. பதினேழு வயதில் ஒருவன் எந்தப் பள்ளியில் இருந்தான் என்பதை அளக்காமல், சட்டம் படிக்கும் ஆற்றல் இருக்கிறதா என்பதை அளக்கிறார்கள், அவ்வளவே. உள்ளே வந்தபின் ஒரே பாடம், ஒரே தேர்வு, ஒரே பட்டம். ஒப்பந்தச் சட்டத்தில் தேறாதவரைப் பூர்வகுடி என்பதற்காக எவரும் தேற்றி அனுப்புவதில்லை. நுழையும் வாசல்தான் வேறு; வெளிவரும் வாசல் ஒன்றே!

ஆனால் வாசலைத் திறந்துவிட்டு, "எங்கள் கடமை முடிந்தது" என்று கையைத் தட்டிக்கொண்டால் போதுமா? போதாது. உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நூற்றைம்பது பேர் அமர்ந்த வகுப்பு. பூர்வகுடி மாணவி ஒருத்திதான். குற்றவியல் பாடம் நடக்கிறது. சிறையில் மாண்ட பூர்வகுடியினரைப் பற்றி விசாரித்த அரச விசாரணைக் குழு, 99 சாவுகளை ஆராய்ந்து, 1991இல் 339 பரிந்துரைகள் தந்ததே, அதைப் பற்றிய பேச்சு வருகிறது. வகுப்பு முழுவதும் திரும்பி அவளைப் பார்க்கிறது. மற்றவர்களுக்கு அது பாடம். அவளுக்கு அது மாமன் கதையாக இருக்கலாம், அண்ணன் கதையாக இருக்கலாம். வாரக் கடைசியில் ஊரிலிருந்து செய்தி வருகிறது: பாட்டி இறந்துவிட்டார். அந்த மக்களின் முறைப்படி இழவு ஒரு நாளில் முடிகிற காரியமல்ல. உறவினர் அனைவரும் கூடவேண்டும், நாள்கணக்கில் இருக்கவேண்டும். திரும்பி வந்தால் கட்டுரை ஒப்படைக்கும் நாள் கடந்துபோயிருக்கும். இப்படித்தான் படிப்பு நிற்கிறது. அறிவு இல்லாததால் அல்ல.

இதை உணர்ந்துதான் பல்கலைக் கழகங்களில் பூர்வகுடி மாணவருக்கெனத் தனி நிலையங்கள் அமைந்தன. அங்கே உட்கார ஓர் இடம். பேசத் தம் மக்களில் மூத்தவர் ஒருவர். பாடம் புரியாதபோது தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர். ஊருக்குப் போய் வந்தவளுக்காகத் துறையிடம் பேசி நாளை நீட்டித்துத் தருவோர். 1969 முதலே நடுவண் அரசின் படிப்பு உதவித்தொகை இருக்கிறது. தனிப்பாட உதவி, தங்குமிட உதவி முதலியவற்றுக்கு 2017 முதல் ஒருங்கிணைந்த நிதித் திட்டம் வந்தது. 2024 முதல், தகுதி பெற்ற பூர்வகுடி மாணவர் அனைவருக்கும், மருத்துவம் நீங்கலான இளநிலைப் படிப்புகளில், அரசு பங்கேற்கும் இடம் உறுதி என்று ஆக்கியிருக்கிறார்கள். பாராட்டுகிறோம்.

பாராட்டிய வாயால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2021இல் அதே நாட்டு அரசு கட்டண முறையை மாற்றியபோது, சட்டப் படிப்புக்கு மாணவர் செலுத்தவேண்டிய பங்கை ஆண்டுக்கு 14,500 டாலர் என்று மிக உயர்ந்த படியில் வைத்தது. கடனாக எழுதிக்கொள்ளலாம், சம்பாதிக்கும்போது வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வோம் என்கிறார்கள். சம்பளப் பணத்தையே தலைமுறைக்கணக்கில் பறிகொடுத்த குடும்பத்துப் பிள்ளையிடம் கடன் சீட்டை நீட்டினால், அந்தக் கை நடுங்காதா? ஒரு கையால் கதவைத் திறந்து, மறு கையால் வாசற்படியை உயர்த்துவது என்ன நியாயம் என்று கேட்கிறோம். சேர்ந்த பூர்வகுடி மாணவரில் பட்டம் பெற்று வெளியேறுவோர் விகிதம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்து வருகிறது என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்வோமே. கிளையில் ஒரு தோழரின் மகனுக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் மாலை போடுகிறோம், படம் எடுக்கிறோம், நமது ஏட்டுக்கும் அனுப்பி வைக்கிறீர்கள், மகிழ்ச்சியோடு வெளியிடுகிறோம். ஐந்தாண்டுப் படிப்பு அது. மூன்றாம் ஆண்டில் அவன் விடுதிக் கட்டணம் கட்டினானா, ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விழிக்கிறானா என்று எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இந்தத் தலையங்கம் எழுதும் கையும் மாலை போட்ட கைதான்.

ஆஸ்திரேலியாவில் 1967இல் பூர்வகுடி மக்களையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க, அவர்களுக்காக நடுவண் அரசு சட்டமியற்ற, பொது வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் 'ஆம்' என்றார்கள். 2023 அக்டோபர் 14ஆம் நாள் இன்னொரு வாக்கெடுப்பு. நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் யோசனை சொல்ல அந்த மக்களுக்கென ஒரு குரல் மன்றம் அரசியல் சட்டத்தில் இடம்பெறவேண்டும் என்பதே கோரிக்கை. அதற்கு வித்திட்ட 2017ஆம் ஆண்டு உலுரு அறிக்கையை முதன்முதலாகப் படித்தவர் மேகன் டேவிஸ் என்ற பூர்வகுடி அம்மையார். அரசியல் சட்டப் பேராசிரியர். நூற்றுக்கு அறுபது பேர் 'இல்லை' என்றார்கள். அன்று இரவு அழுதவர்கள் பலர். அழுது முடித்து மறுநாள் எங்கே போவது? மக்கள்தொகையில் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லாத அவர்கள், சிறையில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு. வழக்கறிஞர்களிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வாக்குப் பெட்டியில் பெரும்பான்மை கிடைக்காத மக்களுக்கு மிச்சமிருக்கும் மேடைகளில் ஒன்று நீதிமன்றம். அங்கே ஏறும் படிக்கட்டு சட்டக் கல்லூரி. அதனால்தான் அந்தச் சில வாரக் கோடை வகுப்பையும், அந்தச் சிறு உதவித்தொகையையும், இழவுக்குப் போய் வந்தவளுக்கு நீட்டித்துக் கொடுக்கும் நான்கு நாளையும் நாம் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம்.

எட்டி மாபோவின் சாட்சியத்தைக் குயின்ஸ்லாந்து மாநில உயர் நீதிமன்றத்தில்தான் கேட்டார்கள். சொந்த நிலத்தைப் பற்றி அவர் சொன்னதில் பெரும்பகுதியை அங்கிருந்த நீதிபதி நம்பவில்லை. அதே மாநில உயர் நீதிமன்றத்தில் 2022ஆம் ஆண்டு நீதிபதியாக அமர்ந்தார் லிங்கன் குரோலி. ஆஸ்திரேலியாவின் எந்த மாநில உயர் நீதிமன்றத்திலும் அமர்ந்த முதல் பூர்வகுடி நீதிபதி அவர். டவுன்ஸ்வில்லில் மாபோ செடிகளுக்குத் தண்ணீர் விட்ட பல்கலைக் கழகத்தின் நூலகத்துக்கு 2008 முதல் அவர் பெயர். அதற்கும் மேலே உள்ள நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் நாற்காலிகள் ஏழு. 1903இல் தொடங்கிய அந்த மன்றத்தில் பூர்வகுடி ஒருவரும் இதுவரை அமரவில்லை.